பான்ஃப் ஏரிகள்: வழிகாட்டி டூரா, ஷட்டில் பஸ்ஸா?

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் இருக்கும் மொரெய்ன் ஏரிக்கு 2023 முதல் சொந்தக் காரில் போக முடியாது. அதனால் பலருக்கும் இந்தக் குழப்பம்.

செலவு: பார்க்ஸ் கனடா (அரசின் பூங்கா நிர்வாகம்) விடும் ஷட்டில் மிக மலிவு. டூர் பல மடங்கு. நாலு பேர் குடும்பத்துக்கு நன்றாகவே உறைக்கும்.

அலைச்சல்: ஷட்டிலுக்கு முன்பதிவு கட்டாயம், சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். டூரில் அந்தக் கவலை டூர்காரர்களுடையது.

நேரம்: எனக்கு இதுதான் முக்கியம். பனியாறு அரைத்த பாறைத்தூள் மிதப்பதால்தான் ஏரிக்கு அந்த நீலம். வெயில் ஏற ஏற நிறம் மாறும். கரையோரப் பாறைக்குவியலில் ஏறி அதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். டூரில் மணி பார்த்துக் கூப்பிட்டுவிடுவார்கள். ஷட்டிலில் போனால் வேண்டிய நேரம் இருந்துவிட்டு, அதே டிக்கெட்டில் பக்கத்து லூயிஸ் ஏரிக்கும் போகலாம்.

ஜான்ஸ்டன் பள்ளத்தாக்கு: அந்த ஷட்டில் போகாது, பல டூர்களில் உண்டு. அங்குள்ள கீழருவிக்கு ஒரு வழி 1.2 கிலோமீட்டர் நடைதான்.

பக்கத்துப் பெருநகரமான கால்கரியிலிருந்து ஒரே நாளில் எல்லாம் பார்க்க வேண்டும், கூடவே வயதான அப்பா அம்மா என்றால் டூர். பான்ஃபில் இரண்டு நாள் தங்கினால், யோசிக்காமல் ஷட்டில்.