அரும்பொருளகமா, தெலுக் ஆயரா, பழைய நாளிதழா? ஆசிய வரலாற்றை வகுப்புக்குக் கொண்டுவரும் வழிகள்

ஒரு தவணைக்குப் பத்து வாரம். தேர்வு, பொது விடுமுறை, பள்ளி நிகழ்ச்சி எல்லாம் கழித்தால், பாடநூலுக்கு வெளியே போக ஆசிரியருக்குக் கிடைப்பது ஓர் அரைநாள். அதோடு இரண்டு பாடவேளை ஒதுக்க முடிந்தால் அதிர்ஷ்டம். ஆசிய வரலாற்றையும் பண்பாட்டையும் மாணவர்களுக்குக் கிட்டத்தில் காட்ட நினைக்கும் சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் இந்தக் கொஞ்ச நேரத்தை எதில் போடலாம்?

இரண்டு கேள்விகளை வைத்து எடைபோடுகிறேன். அடுத்த ஆண்டு யார் துணையும் இல்லாமல் ஆசிரியரே இதை மறுபடி நடத்த முடியுமா? இந்தியர் வரலாறு, சீனர் வரலாறு, மலாய்க்காரர் வரலாறு என்று தனித்தனி அறையில் பூட்டிவைத்திருப்பதை இது திறந்துவிடுமா? தாய்மொழி வகுப்புகள் பிரிந்தே நடப்பதால், தமிழ் வகுப்பு தேக்காவுக்கும் (லிட்டில் இந்தியா) சீன வகுப்பு சைனாடவுனுக்கும் போய்வருவது வழக்கமாகிவிட்டது. ஆசியா என்று பெயர் சொல்லிக்கொண்டு அவரவர் வீட்டை அவரவர் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம்.

பெரும்பாலான பள்ளிகள் முதலில் நாடுவது எம்பிரஸ் பிளேசில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்தை. அங்கே ஒரே ஒரு கூடத்துக்குப் போனால் போதும் என்பேன்: சீனத் தாங் அரச மரபுக் காலக் கப்பல் கூடம். 1998-ல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட அந்தக் கப்பலில் சுமார் 60,000 பொருள்கள் இருந்தன. பெரும்பாலும் சீனத்தின் சாங்ஷா சூளைகளில் சுட்ட கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் கி.பி. 826-க்கு உரிய தேதி பொறிக்கப்பட்டிருக்கிறது. கப்பலோ சீனக் கப்பல் இல்லை. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மேற்காசியப் பாணிக் கலம். சீனச் சரக்கு, அரபுக் கலம், கிடந்ததோ மலாய்க் கடல். பூட்டிய அறைகள் இங்கே ஒன்றாகத் திறந்துகொள்கின்றன. “இவ்வளவு கிண்ணத்தையும் உடையாமல் எப்படிக் கொண்டுபோனார்கள்?” என்று மாணவர்கள் கேட்பார்கள். பெரிய தாழிகளுக்குள் அடுக்கித்தான். பதிலை உடனே சொல்லிவிடாமல் அவர்களையே ஊகிக்கவிட்டால் பத்து நிமிடம் நல்ல பேச்சு நடக்கும்.

இதே அரும்பொருளகத்தைப் பற்றி இன்னொரு கதையையும் உயர்நிலை 3, 4 மாணவர்களிடம் தயங்காமல் சொல்லலாம். அரும்பொருளகம் 2007-ல் நியூயார்க் வணிகர் ஒருவரிடம் வாங்கிய சோழர் கால உமா பரமேசுவரி செப்புத் திருமேனி, அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்டது எனத் தெரியவந்து, 2015-ல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பொருள் அங்கே எப்படி வந்தது என்று கேட்கப் பழகிய மாணவனுக்குச் சான்று ஆராயும் வினாக்கள் பெரிய பாரமாகத் தெரியாது.

குறை என்னவென்றால், இடம் பெரிது. திட்டம் இல்லாமல் போனால் பிள்ளைகள் குளிர்சாதனத்தில் நடந்து, படம் எடுத்து, கடைசியில் பரிசுப்பொருள் கடையில் நிற்பார்கள். வழிகாட்டி பேசுவதும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழாசிரியருக்கு அது பாதி உதவிதான்.

கேம்பல் லேனில் 2015-ல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் அந்தக் குறையைத் தீர்க்கிறது. இடம் சிறியது, வகுப்பை ஒன்றாக வைத்திருக்கலாம், காட்சிப்பொருள் விளக்கங்களைத் தமிழ் வகுப்புக்குள் எளிதாகக் கொண்டுவரலாம். நுணுக்கமாகச் செதுக்கிய செட்டிநாட்டுக் கதவு நிலையின் முன் நிறுத்தி, பக்கத்துக்கு ஒருவராகப் பிரித்து, கண்ணில் படும் உருவங்களைத் தமிழில் எழுதச் சொன்னால் விவரிப்புப் பயிற்சியும் முடிந்துவிடும். ஆனால் என் இரண்டாவது கேள்விக்கு இது முழுமையாக ஈடுகொடுக்காது. தமிழ்ப் பிள்ளைகள் தமிழரைப் பற்றித் தெரிந்துகொண்டு வருவார்கள். பக்கத்து மேசைச் சீன நண்பனுக்கு அதில் என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கும். வரலாற்று ஆசிரியரோடு சேர்ந்து இரண்டு வகுப்பைக் கலந்து கூட்டிப் போனால் கதை வேறு.

தேசிய அரும்பொருளகத்தில் சிங்கப்பூர்க் கல்லின் ஒரு துண்டு இருக்கிறது. சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் நின்ற, பழைய எழுத்து பொறித்த பாறையை 1843-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். எழுத்து இன்றுவரை உறுதியாக வாசிக்கப்படவில்லை. விடை இல்லாத ஒரு கேள்வியை வகுப்பில் வைக்க விரும்புபவருக்கு அந்த ஒரு துண்டு போதும். மற்றபடி நெடுங்கதை, அரைநாளுக்குள் அடங்காது.

என் வாக்கு தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்கு. நுழைவுச்சீட்டு வேண்டாம், பெரும்பாலும் முன்பதிவும் வேண்டாம். பல பள்ளிகளில் தமிழ் வகுப்பு சிறியதாக இருப்பதால் பேருந்து பிடிக்காமல் எம்ஆர்டி ரயிலிலேயே போய் இறங்கலாம். 1880-களில் கடலைத் தூர்த்து நிலமாக்கும்வரை அந்தத் தெருதான் கரையோரம். கப்பலில் வந்தவர்கள் இறங்கிய இடம். ஒரே வரிசையில், சில நிமிட நடைக்குள், 1820-களில் எழுந்த ஃபுக் தாக் சி சீனக் கோயில், 1828-க்கும் 1830-க்கும் இடையில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா, 1842-ல் கட்டி முடிந்த தியன் ஹொக் கெங் சீனக் கோயில், 1827-ல் கூரைக் குடிசையாகத் தொடங்கி, தமிழர் குச்சுப்பள்ளி என்று அழைத்த அல் அப்ரார் பள்ளிவாசல்.

தியன் ஹொக் கெங் வாசலில் வகுப்பை நிறுத்தி, உள்ளே இருக்கும் மாசூ கடலோடிகளைக் காக்கும் தெய்வம் என்று சொல்லுங்கள். பிறகு சில அடி நடந்து தர்கா முன்னால் நின்று, நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையிடமும் கடல் கடந்தவர்கள் இதையேதான் வேண்டினார்கள் என்று சொல்லுங்கள். ஃபுஜியானிலிருந்து வந்தவருக்கும் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவருக்கும் பயம் ஒன்று, நன்றி சொன்ன தெருவும் ஒன்று. இதற்கு மேல் விரிவுரை தேவைப்படாது. இப்போது கடல் எங்கே போனது என்று ஒரு பிள்ளை கேட்கும். அதிலிருந்து புவியியல் பாடம் தொடங்கிவிடும். ஆசிரியர் இரண்டு மணி நேரம் தனியாக ஒருமுறை நடந்து பார்த்திருந்தால் போதும், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அவரே நடத்தலாம். லிட்டில் இந்தியா நடை இந்த அளவுக்கு எடுபடுவதில்லை. நல்ல இடம்தான், ஆனால் பிள்ளைகளுக்குப் பழகிய இடம், கூட்டமும் அதிகம், பாதிப் பேருக்குக் கவனம் பரோட்டாக் கடையில் இருக்கும்.

வெளியே போகவே முடியாதவர்களுக்கு, தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற பழைய நாளிதழ் இணையத் தொகுப்பு இருக்கிறது. உழைப்புக் கேட்கும் வழி, ஆனால் ஆண்டு முழுக்கச் சோறு போடும். கோ. சாரங்கபாணி 1935-ல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய பக்கங்கள் அங்கே மின்வடிவில் உண்டு. நான் பரிந்துரைக்கும் பயிற்சி இது: சிங்கப்பூருக்குத் தன்னாட்சி கிடைத்த 1959 ஜூன் 3-ஐ ஒட்டிய நாள்களின் தமிழ் முரசு, ஆங்கில ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாய் பெரித்தா ஹரியான், சீன நன்யாங் சியாங் பாவ் ஆகியவற்றின் முதல் பக்கங்களைத் தேடி எடுங்கள். தமிழ்ப் பிள்ளைகள் தமிழையும் மலாய்ப் பிள்ளைகள் மலாயையும் சீனப் பிள்ளைகள் சீனத்தையும் வாசித்து, எந்தச் செய்தி பெரிதாக வந்தது, எது மூலைக்குப் போனது என்று மற்றவர்களுக்குச் சொல்லட்டும். தாய்மொழி தெரிந்திருப்பது வரலாற்று வகுப்பில் ஒரு திறமையாகக் கணக்கில் வரும் அபூர்வமான நேரம் அது. மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கும் இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

சங்கடங்களும் உண்டு. பழைய அச்சு மங்கலாக இருக்கும், எழுத்து பொடிசு. முழுப் பக்கத்தை அப்படியே திரையில் போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள். வேண்டிய பத்தியை மட்டும் வெட்டி, பெரிதாக்கி, மாணவர் கற்றல் தளத்தில் ஏற்றிவிடுங்கள். சில இதழ்களை நூலகக் கணினியில்தான் திறக்க முடியும் என்பதால் பாடத்துக்கு முதல் நாள் இரவு உட்காருவது ஆபத்து. வாசிக்கத் தடுமாறும் வகுப்புக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் பொருந்தும். 1979 முதல் சேர்த்து வருகிறார்கள். தமிழில் பேசியவர்களின் குரலும் இருக்கிறது. ஐந்து நிமிடத் துணுக்கு ஒன்றைப் போட்டுக் காட்டி, வீட்டில் தாத்தா பாட்டியிடம் அதே கேள்வியைக் கேட்டுவரச் சொல்லலாம்.

கலைஞர் பட்டறை பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. கோலம், வில்லுப்பாட்டு, பறை எல்லாம் பிள்ளைகள் ரசிக்கும் ஒரு மணி நேரம். தேசியக் கலை மன்றத்தின் கலைக் கல்வித் திட்டம் வழியாகப் பள்ளிக்கு மானியமும் கிடைக்கும். ஆனால் கலைஞர் போனதும் பாடமும் கூடவே போய்விடுகிறது. வில்லுப்பாட்டு யாருடைய கதையை, எந்த ஊர்க் கோயில் கொடையில் பாடியது என்று முன்னதாக ஒரு பாடவேளை பேசியிருந்தால் ஒழிய, அது வகுப்புக்கு நடுவே வந்துபோன கலைநிகழ்ச்சி.

உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிலரங்குகளை இவற்றோடு போட்டிக்கு நிறுத்துவது சரியில்லை; அவை மற்ற வழிகளுக்கான தயாரிப்பு. அங்கே எனக்குப் பிடித்தது இடைவேளைத் தேநீர்தான். வேறு பள்ளி ஆசிரியர் செய்து பார்த்த பயிற்சித்தாள் கைமாறுவது அப்போதுதான். புதிதாக வந்த ஆசிரியருக்கு முதல் ஆண்டில் அதுவே பெரிய துணை.

ஆகவே உயர்நிலை 1, 2 வகுப்பு என்றால் தெலுக் ஆயர் நடையை எடுங்கள், பின்னாலேயே ஒரு பாடவேளை நாளிதழ்ப் பக்கம். மேல்வகுப்பு என்றால் தாங் கப்பலும் உமா பரமேசுவரியும். வரலாற்று ஆசிரியர் கூட வரச் சம்மதித்தால் எந்த வழியானாலும் மதிப்பு இரட்டிப்பாகும். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்குவதும் எளிது.

தெலுக் ஆயர் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வெள்ளிக்கிழமை நண்பகலை விட்டுவிடுங்கள், ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசலில் கூட்டம் நிரம்பும். காலை ஒன்பதரைக்குத் தொடங்கினால் தெருவில் நிழல் இருக்கும், அலுவலகக் கூட்டம் சாப்பாட்டுக்கு இறங்குவதற்குள் நான்கு இடத்தையும் பார்த்துவிடலாம். உள்ளே போவதானால் இரண்டு நாள் முன்பு தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். எளிதில் கழற்றும் காலணி என்று பெற்றோருக்குப் போகும் பேரண்ட்ஸ் கேட்வே அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.