விழுந்த கெர்னலின் கடைசிச் சொல்: மோர்ஸ் ஒலியா, சீரியல் கம்பியா, க்யூஆர் குறியா?

லினக்ஸ் கணினியில் இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் புதிதாக நிறுவிவிட்டு, தொடக்கத்தில் அதற்கு வேண்டிய டிரைவர்களைத் தாங்கும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை உருவாக்க மறந்துவிட்டால், அடுத்த முறை இயக்கும்போது 'விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்' (ரூட் கோப்பமைப்பை இணைக்க முடியவில்லை) என்ற வரியோடு அது நின்றுவிடும். அந்த ஒரு வரி கண்ணில் பட்டால், என்ன செய்ய வேண்டும் என்பது அனுபவமுள்ளவருக்கு உடனே விளங்கிவிடும். ஆனால் அந்தக் கணினி திரையே இணைக்கப்படாத ஒரு பெட்டியாக மூலையில் கிடந்தால், அல்லது வேறொரு பேனிக் (கெர்னல் மீள முடியாமல் விழும் நிலை), வரைகலைத் திரை ஓடிக்கொண்டிருக்கும் வேளையில் நேர்ந்து படம் அப்படியே உறைந்துவிட்டால், நெடுங்காலமாக நமக்குக் கிடைத்துவந்த ஒரே அடையாளம், விசைப்பலகையில் கேப்ஸ் லாக், ஸ்க்ரோல் லாக் விளக்குகள் இரண்டும் சேர்ந்து எரிந்து எரிந்து அணைவதுதான். கணினி விழுந்துவிட்டது என்பதை அது சொல்லும். ஏன் விழுந்தது என்பதைச் சொல்லாது.

2002 ஜூலையில் ஆண்ட்ரூ ராட்லண்ட் என்ற நிரலாளர் இந்த வெறும் மின்னலுக்குப் பொருள் கொடுக்க முனைந்தார். பேனிக் செய்தியின் எழுத்துகளையே மோர்ஸ் குறிகளாக மாற்றி, விசைப்பலகை விளக்குகள் வழியாகவும் கணினிக்குள் இருக்கும் சிறிய பீப் ஒலிபெருக்கி வழியாகவும் வெளியிடும் ஓர் ஒட்டுநிரலை (மூலநிரலில் சேர்க்கும் சிறு மாற்றத்தை) அவர் கெர்னல் அஞ்சல் பட்டியலில் வைத்தார். லினக்ஸை உருவாக்கிய லினஸின் மூல மரத்தில், அதாவது அதிகாரபூர்வ மூலநிரலில், அது சேரவில்லை. ஆயினும் அது எழுப்பிய கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது: தன் உறுப்புகளில் எவற்றை நம்பலாம் என்பதே தெரியாத நிலையில், ஒரு கெர்னல் தன் கடைசிச் செய்தியை எந்த வழியாக வெளியே அனுப்ப வேண்டும்? இந்த வழிகளை வேகத்தைக் கொண்டு மட்டும் ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம் என்பது என் கருத்து. எந்தெந்தப் பாகங்கள் உயிரோடு இருந்தால் அந்த வழி வேலை செய்யும் என்பதே முதல் அளவுகோலாக இருக்க வேண்டும்.

அந்த அளவுகோலில் மோர்ஸுக்கு நிகராக வேறொன்றைச் சொல்வது கடினம். பேனிக் நேர்ந்ததும் கெர்னல் குறுக்கீடுகளை (செயலியை இடைமறிக்கும் வன்பொருள் சைகைகளை) நிறுத்துகிறது, மற்றச் செயலி மையங்களை முடக்குகிறது, செய்தியை அச்சிடுகிறது, பிறகு முடிவில்லாத ஒரு சுழலுக்குள் போய்விடுகிறது. அந்தச் சுழலுக்குள் இருந்துகொண்டே, குறுக்கீடும் நினைவக ஒதுக்கீடும் கோப்பமைப்பும் இல்லாமல், வெறும் நேரத்தைக் கடத்தும் கட்டளைகளைக் கொண்டே ஒலியெழுப்பிவிடலாம். 8254 என்ற நேரக்கணிப்புச் சில்லுவின் அடிப்படை அதிர்வெண் 1193182 ஹெர்ட்ஸ். அதன் இரண்டாம் தடத்தில் 1705 என்ற வகுஎண்ணை எழுதி, 0எக்ஸ்61 என்ற போர்ட்டில் கடைசி இரண்டு பிட்களை ஏற்றினால், ஏறத்தாழ 700 ஹெர்ட்ஸில் ஒலி கேட்கத் தொடங்கும். அந்த பிட்களை இறக்கினால் நின்றுவிடும். விளக்குக்கும் இதே எளிமை உண்டு: பிஎஸ்2 விசைப்பலகைக்கு 0எக்ஸ்ஈடி என்ற கட்டளையையும், எந்த விளக்கு எரிய வேண்டும் என்பதைக் குறிக்கும் ஒரு பைட்டையும் அனுப்பினால் போதும். எழுத்துக்கு ஒரு பைட் என்ற கணக்கில், புள்ளியைச் சுழியமாகவும் கோட்டை ஒன்றாகவும் வைத்து, முடிவைக் காட்ட ஒரு பிட்டைச் சேர்த்துவிட்டால், முழு அகரவரிசையும் 26 பைட்டுகளுக்குள் அடங்கிவிடும்.

இத்தனை குறைந்த தேவையோடு இயங்கும் வழிக்கு நாம் கொடுக்கும் விலை நேரம். மோர்ஸில் புள்ளி ஓர் அலகு, கோடு மூன்று அலகு, எழுத்துக்குள் இடைவெளி ஓர் அலகு, எழுத்துகளுக்கு இடையே மூன்று, சொற்களுக்கு இடையே ஏழு. நிமிடத்துக்கு 12 சொல் என்ற, பழகியவருக்கு நிதானமான வேகத்தில், ஓர் அலகு 100 மில்லிநொடி. மேலே சொன்ன ரூட் எஃப்எஸ் செய்தியை நிறுத்தக்குறி நீக்கி எண்ணிப் பார்த்தால் 235 அலகுகள் வருகின்றன, அதாவது 23.5 நொடி. இது பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். ஆனால் பிழை நேர்ந்த இடத்தைக் காட்டும் முகவரிகளுக்கு வந்தால் நிலைமை மாறிவிடுகிறது, ஏனெனில் மோர்ஸில் எண்கள்தாம் மிக நீளமானவை. சுழியம் ஒன்றே ஐந்து கோடுகள். எட்டு 'எஃப்' தொடங்கி 81000000 என்று முடியும் 64 பிட் கெர்னல் முகவரி ஒன்றுக்கு மட்டும் 263 அலகுகள், அதாவது 26 நொடிக்கு மேல் ஆகும். எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்று காட்டும், இருபது முகவரிகள் கொண்ட அழைப்புத் தடம் ஒன்றைக் கேட்டெழுத ஒன்பது நிமிடம் உட்கார வேண்டும். அதில் ஓர் எண்ணைப் பிழையாகக் கேட்டாலும் அந்த முகவரி பயனற்றது. கெர்னலை நினைவகத்தில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் ஏற்றும் பாதுகாப்பு முறை இப்போது இயல்பாகிவிட்டதால், நகர்வின் அளவு தெரியாமல் அந்த முகவரியை வைத்துக்கொண்டு அதிகம் செய்யவும் முடியாது.

செய்தியை ஒரு கம்பி வழியே எழுத்தெழுத்தாக இன்னொரு கணினிக்கு அனுப்பும் சீரியல் கன்சோலோடு ஒப்பிட்டால் இந்த இடைவெளி இன்னும் தெளிவாகத் தெரியும். 115200 பாட் வேகத்தில், தொடக்க பிட்டும் முடிவு பிட்டும் சேர்த்து எழுத்துக்குப் பத்து பிட் என்று கொண்டால், நொடிக்கு 11520 எழுத்துகள் கம்பி வழியே போகும். 12 சொல் வேக மோர்ஸில் நொடிக்குச் சராசரியாக ஓர் எழுத்து. அதே சமயம் சீரியலும் மோர்ஸைப் போலவே உயிர்த்தேவை மிகக் குறைந்த வழி. சில்லு தயாராக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எழுத்தை ஒவ்வொன்றாகத் தள்ளினால் போதும், குறுக்கீடு தேவையில்லை. கெர்னல் உருவாக்குவோர் இத்தனை ஆண்டுகளாக இதையே நம்பி வருவதற்கு இதுவே காரணம். குறை கெர்னலின் பக்கத்தில் இல்லை, மறுமுனையில் இருக்கிறது: கம்பி ஒன்று வேண்டும், அதைக் கேட்டுக்கொண்டிருக்க இன்னொரு கணினி வேண்டும், விபத்து நேரும் முன்பே இரண்டும் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். சர்வர்களில் ஐபிஎம்ஐ என்ற தொலைமேலாண்மை வசதி இதை வலைப்பின்னல் வழியாகவே தந்துவிடுகிறது. இன்றைய மடிக்கணினிகளிலோ சீரியல் போர்ட்டைத் தேடினாலும் கிடைக்காது.

நெட்கன்சோலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கெர்னல் செய்திகளை யுடிபி பொட்டலங்களாக இன்னொரு கணினிக்கு அனுப்பும் இந்த வழி, ஈதர்நெட் கம்பி உள்ள இடத்தில் அருமையாக வேலை செய்கிறது; ஆனால் வலைப்பின்னல் டிரைவரே பிழைக்குக் காரணமாக இருந்தால் செய்தி வெளியே வராது, வைஃபை மட்டும் உள்ள கணினிகளுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது.

கேடம்ப், பிஸ்டோர் ஆகிய இரண்டும் வேறொரு வகையைச் சேர்ந்தவை. அவை மனிதரிடம் பேச முயல்வதில்லை, பின்னால் வருபவருக்காகச் சான்றைச் சேமித்துவைக்கின்றன. கேடம்ப் முறையில், முன்பே ஒதுக்கிவைத்த நினைவகத்திலிருந்து இரண்டாவது கெர்னல் ஒன்று எழுந்து, விழுந்த கெர்னலின் நினைவகம் முழுவதையும் கோப்பாக எழுதிவிடும். பிஸ்டோர் கடைசிப் பதிவு வரிகளை தாய்ப்பலகையின் நிலைபொருளான யுஇஎஃப்ஐயின் மாறிகளிலோ, மறுதொடக்கத்திலும் அழியாத நினைவகப் பகுதியிலோ வைத்து, அடுத்த முறை கணினி எழுந்ததும் கோப்பாகக் காட்டும். விவரத்தின் ஆழத்தில் கேடம்பை எதனோடும் ஒப்பிட முடியாது. ஆயினும் அடுத்த முறை கணினி எழவே இல்லை என்றால், வட்டில் ஏதும் எழுதப்படும் முன்பே அது நின்றுவிட்டது என்றால், அந்த ஆழத்தால் உடனடிப் பயன் இல்லை. ரூட் கோப்பமைப்பைக் காணாமல் விழும் கணினி அப்படிப்பட்டது. கேடம்பை ஆயத்தப்படுத்தும் சேவை தொடங்கும் கட்டத்துக்கே அது வந்திருக்காது.

திரையைப் பொறுத்தவரை அண்மையில் பெரிய மாற்றம் நேர்ந்திருக்கிறது. 2024 ஜூலையில் வெளிவந்த 6.10 கெர்னலில் டிஆர்எம் பேனிக் என்ற வசதி சேர்ந்தது. வரைகலைத் திரை ஓடிக்கொண்டிருந்தாலும் பேனிக் செய்தியை அதன் மேல் வரைய இது வழிசெய்கிறது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 6.12 கெர்னலில், பதிவு வரிகளையே சுருக்கிப் பொதிந்த க்யூஆர் குறி ஒன்றைக் காட்டும் வசதியும், ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டு, அதனோடு இணைந்தது. விண்டோஸும் 2016 முதல் பல ஆண்டுகள் தன் பிழைத்திரையான நீலத்திரையில் க்யூஆர் குறியைக் காட்டி வந்தது என்பதால் இரண்டும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. விண்டோஸின் குறி பொதுவான உதவிப் பக்கம் ஒன்றின் முகவரியை மட்டுமே தாங்கியிருந்தது. எந்தக் கணினி எதனால் விழுந்தாலும் போய்ச் சேரும் இடம் அதேதான். லினக்ஸின் குறிக்குள் இருப்பதோ அந்தக் கணினி அந்த நொடியில் எழுதிய வரிகள். ஒரு க்யூஆர் குறி அதிகபட்சம் 2953 பைட் வரை தாங்கும் என்பதையும், அந்தப் பைட்டுகள் சுருக்கப்பட்டவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மோர்ஸில் ஒரு மணி நேரத்தைத் தாண்டும் செய்தியை ஒரே ஒரு கைப்பேசிப் படத்தில் அள்ளிக்கொள்ளலாம் என்பது விளங்கும்.

திரையும் கைப்பேசியும் இருக்கும் இடத்தில் மோர்ஸுக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் டிஆர்எம் பேனிக் வேலை செய்ய, அந்தந்த வரைகலை டிரைவர் அதற்கான ஆதரவைத் தனியாகத் தர வேண்டும். பேனிக் நேர்ந்தபோது டிரைவர் எந்த நிலையில் இருந்தது என்பதையும் அது பொறுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பார்க்க ஒரு திரையும் பார்க்கும் கண்ணும் வேண்டும். பார்வையற்ற கணினி நிர்வாகிகளுக்கு இங்கே பெரிய அநீதி ஒன்று நேர்கிறது என்றே நினைக்கிறேன். அவர்கள் நம்பியிருக்கும் திரைவாசிப்பான் கெர்னலோடு சேர்ந்தே விழுந்துவிடுகிறது. விளக்கு மின்னுவதும் க்யூஆர் குறியும் அவர்களுக்கு ஒன்றையும் சொல்வதில்லை. கணினி மந்தமாகிவிட்டதா, இல்லை விழுந்தேவிட்டதா என்பதைக்கூட அமைதியை வைத்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது. பீப் ஒலிபெருக்கி வழியே வரும் மோர்ஸ் அவர்களுக்கு வேறு எந்த வழியும் தராத ஒன்றைத் தரும். மோர்ஸ் கற்றவர்கள் குறைந்துவருகிறார்களே என்று கேட்கலாம். 2003 முதல் அமெச்சூர் வானொலி உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வைக் கட்டாயமாக்க வேண்டியதில்லை என்று உலகளவில் முடிவானது உண்மைதான். ஆனால் ஒலியைக் கேட்டு எழுத்தாக்கும் செயலிகள் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது, காதால் படிக்கத் தெரியாதவருக்கும் அது முற்றிலும் மூடிய கதவு ஆகாது.

மோர்ஸுக்கு உண்மையான போட்டி எண்ணிப் பார்க்கும் முறைதான். கணினி தொடங்கும்போது வன்பொருளைச் சோதிக்கும் பயாஸின் பீப் குறிகளும், ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் பச்சை விளக்கும் அந்த வகை. பை ஏழு முறை மின்னினால் கெர்னல் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். சிறுவர்கூட எண்ணிச் சொல்லிவிடலாம். ஆனால் எண்ணிக்கை தானாகப் பொருள் தருவதில்லை, அட்டவணை ஒன்று எப்போதும் கையில் வேண்டும், அந்த அட்டவணையும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். அவார்டு பயாஸில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறும் ஒலிகளும் வீடியோ அட்டைக் கோளாறைக் குறிக்கும்; மோர்ஸ் அறிந்த காதுக்கு அது 'டி' (D) என்ற எழுத்து மட்டுமே. எழுத்தைத் தாங்கும் குறி தன் பொருளைத் தானே சுமந்துவருகிறது என்பதே மோர்ஸின் மேன்மை.

ஆகவே மோர்ஸின் கையில் முழுச் செய்தியையும் கொடுத்ததுதான் பழைய முயற்சியின் பிழை என்று கருதுகிறேன். என் மேசையடியில் இருக்கும் பழைய கணினியில், கெர்னலுக்கு நேரடிக் கட்டளை இடும் சிஸ்ஆர்க்யூ கோப்பில் 'சி' என்ற ஓர் எழுத்தை எழுதி, வேண்டுமென்றே பேனிக்கை வரவழைத்துப் பார்த்தேன். பத்து நொடியில் தானே மறுதொடக்கம் செய்யும்படி அமைத்திருந்ததால், விளக்குகள் சில முறை மின்னியதுமே கணினி மீண்டும் எழத் தொடங்கிவிட்டது. 23.5 நொடி நீளமுள்ள செய்திக்கு அங்கே இடமே இல்லை. மாறாக, காரணத்தைச் சுட்டும் மூன்று எழுத்துகளை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பினால் நிலைமை வேறு: 'விஎஃப்எஸ்' 2.9 நொடி, நினைவகம் தீர்ந்ததைக் குறிக்கும் 'ஓஓஎம்' 3.5 நொடி, வன்பொருள் பிழையைக் குறிக்கும் 'எம்சிஈ' 2.5 நொடி. பத்து நொடிக்குள் இவற்றில் எதுவும் இரண்டு முறையாவது முழுதாகக் கேட்டுவிடும்.

திரையுள்ள கணினிக்கு க்யூஆர், சர்வருக்குச் சீரியலும் கேடம்பும் என்பதில் எனக்கு ஐயமில்லை. திரையின்றி மூலையில் கிடக்கும் பெட்டிகளுக்கும், திரையைப் பார்க்க இயலாதவர் பயன்படுத்தும் கணினிகளுக்கும் மூன்றெழுத்து மோர்ஸ் ஒலியே என் தேர்வு. யுஎஸ்பி விசைப்பலகைகளின் விளக்குகளைப் பேனிக் வேளையில் நம்ப முடியாது என்பதாலும், புதிய தாய்ப்பலகைகள் பலவற்றில் பீப் ஒலிபெருக்கி இணைக்கப்படாமலே வருவதாலும், அத்தகைய பெட்டியை அமைப்பவர் தாய்ப்பலகையில் ஒலிபெருக்கிக்கென உள்ள நான்கு ஊசிகளில் ஒரு சிறு ஒலிப்பானைப் பொருத்திவிட்டு மற்றதைத் தொடங்குவது நல்லது.