பத்தமடைப் பாய்: வாங்குபவருக்கும் பங்கு உண்டு

திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் ஒரு பாய்க் கடையில், மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய் ஒன்றைச் சொல்லிவைத்து வாங்கினேன். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைக் காயவைத்து, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, உள்ளிருக்கும் மென்மையான சோற்றுப் பகுதியை நீக்கி, நூலளவுக்குக் கிழித்துப் பருத்தி நூலாலான பாவில் (நீளவாக்கு இழைகளில்) கையால் கோத்து நெய்திருப்பதால், பாய் பட்டுத்துணி போல மடிகிறது. உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன், ஒரு பிசிறுகூடத் தட்டுப்படவில்லை. விலை அதிகம்தான், ஆனால் அந்த உழைப்புக்கு நியாயமானது.

என் மனக்குறை வேறு. கைநெசவுப் பாயும் விசைத்தறிப் பாயும் ஒரே அடுக்கில் கிடந்தன. எது எதுவென்று எழுதி வைக்கவில்லை. பத்தமடைப் பாய்க்கு, ஊர்ப் பெயரை வேறிடத்துப் பொருள்கள் பயன்படுத்தாமல் காக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இந்தியா 2005-இல் ஏற்றுக்கொண்ட யுனெஸ்கோவின் 2003-ஆம் ஆண்டு உடன்படிக்கை, அதாவது கைவினை போன்ற வாழும் மரபுகளைக் காப்பதற்கான உடன்படிக்கை, ஒரு மரபைக் காக்கும் பணியில் அதைப் பேணிவரும் சமூகத்தினர் இயன்ற அளவு பங்கேற்க அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்கிறது. ஆனால், நெய்தவரின் பெயர் எழுதிய ஒரு சிறு சீட்டைப் பாயோடு கட்டுவது கடைக்காரரின் கையில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது நம் கையில் இருக்கிறது. நான் கேட்டதும் கடைப் பெரியவர் தயங்காமல் நெய்த அம்மாவின் பெயரைச் சொன்னார்; பில்லின் பின்புறம் அதை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.