எலும்புக் கட்டியா, மூட்டுச் சவ்வுக் கட்டியா? ஒரு மறுஆய்வுச் சேவையின் மதிப்புரை

31 வயதான என் தம்பியின் இடது முழங்காலில் எலும்புக் கட்டி இருப்பதாகவும், எலும்பைச் சுரண்டியெடுத்து சிமென்ட் வைத்து நிரப்ப வேண்டும் என்றும் முதலில் பார்த்த மருத்துவமனையில் கூறினார்கள். பயாப்ஸி அறிக்கையில் ‘ராட்சத செல்கள் நிறைந்த கட்டி’, அதாவது பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்கள் நிறைந்தது, என்ற ஒரே ஒரு வரிதான் இருந்தது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன், ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் எலும்புக் கட்டிப் பிரிவில் மறுஆய்வுக்குக் கொடுத்தோம்.

அங்கிருந்த ரேடியாலஜி மருத்துவர் பழைய எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டி, பென்சில் முனையால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். கால் எலும்பின் மேல்முனையில் எல்லோரும் பார்த்திருந்த குழிக்கு நேர் எதிரே, தொடை எலும்பிலும் மிளகளவில் ஒரு குழி இருந்தது. இரண்டின் ஓரத்திலும் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தது. எலும்பில் பிறக்கும் ராட்சத செல் கட்டி பொதுவாக ஒரே எலும்பின் முனையில் இருக்கும், அதற்கு இப்படி வெள்ளை ஓரம் பெரும்பாலும் இராது, மூட்டின் இருபுறமும் அரிப்பு இருந்தால் மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வைச் சந்தேகிக்க வேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். காசநோயும் இருபுறமும் அரிக்கும் என்பதால் அதற்கான பரிசோதனையையும் அவர்கள் விட்டுவிடவில்லை.

பிறகு, மூட்டிலிருந்து எப்போதாவது ஊசியால் நீர் எடுத்தார்களா என்று கேட்டார். 2 ஆண்டுகளுக்கு முன் புளிக்கரைசல் நிறத்தில் நீர் எடுத்தது தம்பிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எந்தக் கோப்பிலும் அது பதிவாகவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தமே. சவ்வில் அடிக்கடி இரத்தம் கசிந்து இரும்புச்சத்து படிவதால்தான் அந்த நிறம். முந்தைய எம்.ஆர்.ஐ.யில் கிரேடியன்ட் எக்கோ என்ற பகுதி எடுக்கப்படவில்லை; அதை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, இரும்பு படிந்த இடங்கள் மூட்டு முழுவதும் கரும் திட்டுகளாக விரிந்து தெரிந்தன.

ராட்சத செல்கள் இரு கட்டிகளிலுமே காணப்படும் என்பதால் பழைய அறிக்கை பொய்யல்ல, போதாதது. பேத்தாலஜி மருத்துவர், பயாப்ஸித் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கையே வரவழைத்து, சவ்வுக் கட்டியைச் சுட்டும் நுரை செல்களையும் (கொழுப்பு நிறைந்த செல்கள்) இரும்பு படிந்த பழுப்பு நிறமியையும் பதிவு செய்தார். எலும்பின் ராட்சத செல் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் காணப்படும் எச்3 ஜி34டபிள்யூ என்ற மரபணு மாற்றத்துக்கான சோதனையும் எதிர்மறையாக வந்தது. முடிவு: பரவல் வகை டெனோசினோவியல் ராட்சத செல் கட்டி, அதாவது மூட்டுச் சவ்வில் பிறந்து மூட்டு முழுவதும் விரியும் கட்டி. 1941இல் ஜாஃபேயும் உடன் பணியாற்றியவர்களும் அழற்சியாகக் கருதிப் பெயரிட்ட பி.வி.என்.எஸ். (பிக்மென்டட் வில்லோநாடுலர் சினோவைட்டிஸ்) இதுதான், பல மருத்துவர்கள் இன்றும் அப்படியே சொல்கிறார்கள்.

குறைகளும் உண்டு. மூன்று துறையினரும் கூடிப் பேசும் கூட்டம் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே என்பதால், வெளியூரிலிருந்து வந்த நாங்கள் விடுதியில் 6 நாள் தங்க வேண்டியதாயிற்று. பிளாக்கைக் கொண்டுவர வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லியிருந்தால் ஒரு பயணம் மிச்சமாகியிருக்கும். அறிக்கையும் ஆங்கிலத்தில் மட்டுமே கிடைத்தது.

இருந்தாலும், முழங்காலில் விவரம் புரியாத வீக்கத்தோடு ‘எலும்புக் கட்டி’ என்ற சொல்லைக் கேட்டவர்களுக்கு இத்தகைய பிரிவையே மனமாரப் பரிந்துரைப்பேன். தம்பிக்கு எலும்பைச் சுரண்டுவதோடு நிறுத்தாமல், நோயுற்ற சவ்வை முன்னும் பின்னும் திறந்து அகற்றினார்கள். பரவல் வகை திரும்ப வரக்கூடியது என்பதால் அடுத்த எம்.ஆர்.ஐ.க்கான தேதியை வீடு திரும்பும் சீட்டிலேயே எழுதித் தந்திருக்கிறார்கள்.