கோட்டாறா, டவுணா? நாகர்கோவிலில் ரயில் இறங்குகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை இந்த முறையும் அலைக்கழித்தது, நாகர்கோவிலில் ஜங்ஷன், டவுண் என்று இரண்டு ஸ்டேஷன் இருக்கிற அதே விஷயம்தான். டிக்கெட்டில் ‘நாகர்கோவில்’ என்பதை மட்டும் வாசித்துவிட்டு வீட்டுக்குத் தகவல் சொல்லிவிடுகிறார்கள். கார் கோட்டாறில் காத்து நிற்கிறது, ஆள் மூன்று பெட்டியோடு டவுண் ஸ்டேஷனில் நிற்கிறார். ராத்திரி வண்டி என்றால் ஆட்டோவும் லேசில் கிடைக்காது.

கோட்டாறு என்று நாம் சொல்வது ஜங்ஷனை. டிக்கெட்டில் அதன் குறி என்சிஜே (NCJ). டவுணின் குறி என்ஜேடி (NJT). இந்த மூன்றெழுத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போடுங்கள்.

குழப்பத்துக்குக் காரணம் தண்டவாளம் போட்டிருக்கும் விதம். திருவனந்தபுரம் பாதையும் திருநெல்வேலி பாதையும் ஜங்ஷனுக்குள் ஒரே பக்கமாக நுழைகின்றன, கன்னியாகுமரி பாதை மறுபக்கம் போகிறது. அதனால் கன்னியாகுமரி வண்டிகள் நேராக ஓடிவிடும். திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் போகும் வண்டிக்கு இரண்டே வழி. ஒன்று, ஜங்ஷனுக்குள் வந்து எஞ்சினை மறுமுனைக்கு மாற்றிக்கொண்டு வந்த பக்கமே திரும்ப வேண்டும். இல்லையென்றால் குறுக்குப் பாதையில் ஜங்ஷனைத் தொடாமல் நேரே டவுணுக்குப் போய்விடும். கோட்டாறில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அந்த வண்டி வராது.

எஞ்சின் மாற்றும்போது பார்க்க வேண்டும், புதிதாக வருகிறவர்கள் பதறிப்போகிறார்கள். வண்டி வந்த திசையிலேயே நகர்ந்ததும் “திரும்பவும் திருநெல்வேலிக்கா போகுது?” என்று எழுந்து நிற்பவர்களிடம், சன்னலோரத்துப் பாட்டி “பயப்படாதிய மக்கா, எஞ்சின் மாத்துதாவ” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிப்பார்.

அந்த வேலையை நின்று கவனித்தால் தாமதத்தின் மேல் உள்ள எரிச்சல் பாதி குறையும். எஞ்சினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவே ஊழியர் குனிந்து இறங்கி, பிரேக் குழாய்களின் அடைப்பான்களை மூடி, காற்றுக் குழாய்களைக் கழற்றுகிறார். கொக்கி விடுபட்டதும் எஞ்சின் பக்கத்துத் தடத்தில் சுற்றி மறுமுனைக்கு வருகிறது. அங்கே மறுபடி கொக்கி, குழாய், காற்று. பிரேக் குழாயில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 5 கிலோ ஏற வேண்டும். ஓட்டுநர் அதைக் குறைத்துக் காட்ட, கடைசிப் பெட்டியில் கார்டு தன் மானியில் முள் இறங்குகிறதா என்று பார்க்கிறார். முள் இறங்கினால்தான் வண்டி முழுக்க பிரேக் பிடிக்கிறது என்று அர்த்தம். இதுதான் கடைசிப் பெட்டி என்று காட்டும் ‘எல்வி’ பலகையும் புதிய கடைசிப் பெட்டிக்கு மாறும். துபாய் மெட்ரோவில் ஓட்டுநரே கிடையாது, கடைசி ஸ்டேஷனில் அப்படியே திரும்பி ஓடும். அந்தப் பழக்கத்தில் இருப்பவருக்கு இது வீண் தாமதமாகத் தெரியும். ஆனால் இந்தச் சோதனையில் ஒன்றைக்கூட விட முடியாது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979இல்தான். திருவனந்தபுரம் தம்பானூர் வரை 1931இலேயே வண்டி வந்துவிட்டது. அதற்குப் பிறகு 48 வருஷம் நாம் பஸ்ஸையே நம்பியிருந்தோம். திருநெல்வேலி இணைப்பு 1981இல் கிடைத்தது. அதை நினைத்தால் கோட்டாறு பிளாட்பாரத்தின் காலைக் கூட்டம்கூட மனசுக்கு நிறைவாக இருக்கிறது. படிதான் கொடுமை. உயர்ந்த பிளாட்பாரமே 76 முதல் 84 செ.மீ.தான், அங்கிருந்து பெட்டித் தரைக்கு ஏறக்குறைய ஒரு முழம் ஏற வேண்டும். முட்டி வலிக்காரர்களோடு வருகிறவர்கள் முன்கூட்டியே பெட்டி நிற்கும் இடத்துக்குப் போய்விடுங்கள்.

திருவனந்தபுரத்தில் விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் கவனிக்க: கொச்சுவேளி இப்போது திருவனந்தபுரம் நார்த், நேமம் திருவனந்தபுரம் சவுத். 2024இல் பெயர் மாறிவிட்டது.

முன்பதிவில்லா டிக்கெட்டைப் போனிலேயே எடுக்கலாம், கவுண்டர் வரிசை தேவையில்லை. ஆனால் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும், ஊர் சிம்மைச் சாகவிடாதீர்கள். ஸ்டேஷனுக்கு வெளியே நின்றே எடுத்துவிடுங்கள். உள்ளே வந்துவிட்டால் சுவரில் ஒட்டிய க்யூஆரை ஸ்கேன் செய்ய வேண்டும். பரிசோதகரிடம் ஸ்க்ரீன்ஷாட் செல்லாது. பாசஞ்சர் டிக்கெட்டில் எக்ஸ்பிரஸ் ஏறக்கூடாது.

இன்னொன்று, ஜங்ஷனில் எஞ்சின் மாறிய வண்டியில் பெட்டி வரிசை தலைகீழாகிவிடும். திருநெல்வேலியில் முன்னால் இருந்த பெட்டி இரணியலுக்கும் குழித்துறைக்கும் பின்னால் வரும். கூப்பிட வருகிறவரிடம் அதையும் சொல்லிவையுங்கள்.