பாம் 7, ட்ரியோ 650, நோக்கியா 9500: நம் பக்கத்தில் இன்று எது பேசும், எது பேசாது

பழைய கையடக்கக் கணினி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது திரையில் கீறல் இருக்கிறதா, ஸ்டைலஸ் கூட வருகிறதா என்பதைத்தான். கம்பியில்லா இணைப்புள்ள கருவிக்கு அதெல்லாம் பிறகு. உள்ளே இருக்கும் ரேடியோ எந்த நெட்வொர்க்குக்காகச் செய்யப்பட்டது, அந்த நெட்வொர்க் ஓசூரிலோ அரூரிலோ இன்று உயிரோடு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது பேட்டரி. இந்த இரண்டும் ஒரே கருவியில் ஒழுங்காக அமைவது அபூர்வம். நெட்வொர்க் போய்விட்ட பாம் 7-க்கு வேண்டிய செல் பென்னாகரம் பெட்டிக்கடையிலேயே கிடைக்கிறது. கைபேசியும் கையடக்கக் கணினியும் ஒன்றான, நெட்வொர்க் இன்னும் இருக்கிற ட்ரியோவுக்கோ நல்ல பேட்டரி தேடி பெங்களூரு எஸ்.பி. ரோடு வரை போக வேண்டும். எதை வாங்கினாலும் இதில் ஒரு பக்கம் இடிக்கும் என்று தெரிந்தே வாங்குவது நல்லது.

பாம் 7: உடம்பு நன்றாக இருக்கும், பேச்சுதான் இல்லை

1999 மே மாதம் நியூயார்க் பகுதியில் விற்பனைக்கு வந்தது. அக்டோபரில் அமெரிக்கா முழுவதும் போனது. தொடக்க விலை 599 டாலர். 16 மெகாஹெர்ட்ஸ் டிராகன்பால் செயலி, 2 எம்.பி. நினைவகம், 160-க்கு 160 புள்ளித் திரை. பக்கவாட்டில் மடங்கியிருக்கும் ஆண்டெனாவைத் தூக்கினால் கருவி தானாக ஆன் ஆகி நெட்வொர்க்கைத் தேடும். அது தேடுவது அமெரிக்காவில் பெல்சவுத் நடத்திய மோபிடெக்ஸ் என்ற தரவு நெட்வொர்க்கை. வேகம் நொடிக்கு 8 கிலோபிட். அவ்வளவு குறுகிய வழியில் முழு வலைப்பக்கத்தை இழுக்க முடியாது. அதனால் கேள்விப் படிவத்தைக் கருவியிலேயே வைத்துவிட்டு, விடையை மட்டும் காற்றில் வரவழைத்தார்கள். அதற்கு வெப் கிளிப்பிங் என்று பெயர். மாதம் 9.99 டாலர் கட்டினால் 50 கே.பி. என்றிருந்த காலத்துக்கு அது உண்மையிலேயே புத்திசாலித்தனமான ஏற்பாடு.

பாம்.நெட் என்ற அந்த இணையச் சேவையை 2004 ஆகஸ்ட் முடிவில் நிறுத்தினார்கள். அந்த ஆண்டெனாவுக்கு அதன் பிறகு வேலை இல்லை. சிம் கார்டு போட இடமும் கிடையாது. "சிம் போட்டா வேலை செய்யும்" என்று விற்கிறவர் சொன்னால் அவருக்குக் கருவியைப் பற்றித் தெரியவில்லை என்று அர்த்தம்.

ஆனாலும் இருபத்தைந்து ஆண்டு கழித்து ஆன் செய்தால் எழுந்து நிற்கிறது. காரணம் இரண்டு ட்ரிபிள் ஏ செல். ரேடியோவுக்கு மட்டும் உள்ளே தனியாக ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி உண்டு. அது சார்ஜ் ஆவதும் இந்த இரண்டு செல்லிலிருந்துதான். ஆகவே ஆண்டெனாவைத் தூக்கித் தூக்கி விளையாடினால் செல் வீணாகத் தீரும். உள் பேட்டரி கசிந்திருக்கிறதா என்று ஒரு முறை கூட்டைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. பச்சை படிந்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு, போர்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பல்துலக்கும் பிரஷும் கொண்டு துடைக்க வேண்டும்.

செல் மாற்றும்போதுதான் பலர் தரவை இழக்கிறார்கள். எல்லாம் மின்சாரம் இருக்கும் வரைதான் நிற்கும் ராம் (RAM) நினைவகத்தில் இருக்கிறது. செல்லை எடுத்தால் ஒரு நிமிடம் அளவுக்குத்தான் தாங்கும். புதுச் செல்லைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் ஹாட்சிங்க், அதாவது தரவைக் கணினியில் நகலெடுப்பது, செய்துவிட்டு, அதன் பிறகு மூடியைத் திறக்க வேண்டும். ரீசார்ஜ் செல் போடுகிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். அதன் அழுத்தம் 1.2 வோல்ட்தான், அல்கலைன் 1.5 என்று கணக்குப் போட்டிருக்கும் மீட்டர், செல் நிறைந்திருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகக் காட்டும். ஸ்டைலஸால் எழுதும் கிராஃபிட்டி பகுதியில் ஷார்ட்கட் கோடு, அதாவது கையெழுத்து எல் போல ஒரு சுழி, போட்டு, இரண்டு முறை தட்டி, 7 எழுதினால் செல் வகை மாறும்.

கணினியோடு இணைக்க 9 முனை சீரியல் கிரேடில், அதாவது கருவியை உட்கார வைக்கும் தாங்கி. யு.எஸ்.பி.-சீரியல் மாற்றி போதும். லினக்ஸில் ஜே-பைலட் என்ற மென்பொருள் இன்றும் நன்றாக ஒத்துழைக்கிறது. இணைப்பு பாதியில் அறுந்தால் வேகத்தை 57,600-லிருந்து 19,200-க்கு இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் மாற்றியில்தான் கோளாறு, கருவியில் அல்ல.

ட்ரியோ 600-ஆ, 650-ஆ

நம் மாவட்டங்களில் நிஜமாகவே பயன்படுத்த ஒன்று வேண்டுமென்றால் பேச்சு இங்கேதான் தொடங்க வேண்டும். இரண்டிலும் ஜி.எஸ்.எம். வகை 850, 900, 1800, 1900 என நான்கு அலைவரிசையும் பிடிக்கும். இந்தியாவின் 2ஜி ஓடுவது 900-லும் 1800-லும். ஏர்டெல், பி.எஸ்.என்.எல்., வி.ஐ. மூன்றிலும் பேசலாம், எஸ்.எம்.எஸ். அனுப்பலாம். ஜியோவில் 2ஜி கிடையாது, அதனால் அந்த சிம் பிடிக்காது. அமெரிக்காவிலிருந்து வந்ததில் இரண்டு ஆபத்து: சி.டி.எம்.ஏ. வகையாக இருந்தால் சிம் இடமே இருக்காது, ஜி.எஸ்.எம். என்றாலும் அங்குள்ள கம்பெனிக்குப் பூட்டப்பட்டிருக்கலாம். உங்கள் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு போகிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். நானோ சிம்முக்கு அடாப்டர் போடும்போது பின்பக்கம் மெல்லிய டேப் ஒட்டுங்கள். இல்லையென்றால் வெளியே இழுக்கும்போது சிம் முள்ளைப் பிய்த்துக்கொண்டு வரும்.

600 வந்தது 2003-ல்: 144 மெகாஹெர்ட்ஸ், 32 எம்.பி., 160-க்கு 160 வண்ணத் திரை, கழற்ற முடியாத பேட்டரி. 650 அடுத்த ஆண்டு இறுதியில்: 312 மெகாஹெர்ட்ஸ், 320-க்கு 320, புளூடூத், கழற்றக்கூடிய 1,800 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி. திரையை விடுங்கள், முக்கியமான வேறுபாடு நினைவகத்தில் இருக்கிறது. 600-ல் பேட்டரி முழுதும் தீர்ந்தால் தொலைபேசி எண் முதல் எல்லாம் அழிந்துவிடும். 650-ல் தரவு ஃபிளாஷில் உட்காருகிறது, பேட்டரியைக் கழற்றி ஒரு வருடம் பரணில் போட்டாலும் அப்படியே இருக்கும். பேட்டரி நம்ப முடியாத இந்த வயதில், 650-ஐ எடுக்க இந்த ஒரு காரணமே போதும். 600-ஐ யாராவது சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

650-க்கும் வியாதிகள் உண்டு. அழைப்பு வருகிறது, எதிர்முனைப் பேச்சு கேட்கவில்லை என்றால் ஸ்பீக்கர் போனதாக நினைக்க வேண்டாம். ஹெட்செட் துளைக்குள் இருக்கும் சின்ன ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டு, ஹெட்செட் செருகியிருப்பதாகவே கருவி நம்புகிறது. 2.5 மி.மீ. பிளக்கை இருபது முறை செருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். எஸ்.டி. கார்டு 2 ஜி.பி. வரைதான், எஸ்.டி.எச்.சி. கார்டை அது படிக்காது.

அடுத்தது நம் ஊர்ப் பிரச்சினை. தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி பக்கம் போனால் மலையும் காடும்; டவர் எட்டமாக இருக்கும். டவர் தூரமாகப் போகப் போக கருவி சத்தமாகப் பேச வேண்டும். 900 அலைவரிசையில் கைபேசி அதிகபட்சம் 2 வாட் வரை துடிப்புத் துடிப்பாக அனுப்பும். கிழட்டுப் பேட்டரியின் உள்தடை கூடியிருப்பதால் அந்தத் துடிப்பு இழுக்கும் மின்னோட்டத்தில் வோல்ட் சட்டென்று விழும். கருவி ரீசெட் ஆகும். ஓசூரில் டவர் பக்கத்தில் நாள் முழுக்க ஒழுங்காக இருந்தது, மலை ஏறியதும் ஒவ்வொரு அழைப்புக்கும் அணைந்து எழுகிறது என்றால் சாஃப்ட்வேரைத் தோண்ட வேண்டாம், பேட்டரியை மாற்றுங்கள். சோதிக்க வழி: சார்ஜரில் மாட்டியபடி அதே இடத்திலிருந்து அழையுங்கள். அப்போது கருவி அணையாமல் இருந்தால் குற்றவாளி பேட்டரிதான்.

'புதிது' என்று விற்கும் பேட்டரிகளும் பல ஆண்டு முன்பு செய்து கிடப்பில் இருந்தவையே. கண்ணாடி மேசையில் படுக்க வைத்துச் சுழற்றுங்கள்; பம்பரமாகச் சுற்றினால் நடுவில் உப்பியிருக்கிறது, வேண்டாம். பழைய பேட்டரியின் பாதுகாப்புப் போர்டை வைத்துக்கொண்டு உள்ளே செல்லை மட்டும் மாற்றலாம். ஆனால் ஸ்பாட் வெல்டிங் இருக்கும் கடையில்தான் கொடுக்க வேண்டும். லித்தியம் செல் மேல் சூட்டுக்கோல் வைத்து ஈயம் பற்றவைக்கிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்.

நோக்கியா: 9210-ம் 9500-ம்

பார்க்க அண்ணன் தம்பி போலிருக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. 2001-ல் வந்த 9210-ல் ஜி.பி.ஆர்.எஸ்., அதாவது 2ஜி வழி இணையம், இல்லை. அது மோடம் போல எண் சுழற்றி, ஒரு அழைப்பாகவே தரவை அனுப்பும், அதிகபட்சம் 43.2 கிலோபிட். எதிர்முனையில் எடுக்க ஒரு டயல்-அப் சேவை வேண்டும். எனவே இன்று அதில் அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும்.

9500-ல் ஜி.பி.ஆர்.எஸ்., அதைவிட வேகமான எட்ஜ் உண்டு, வைஃபையும் உண்டு. 640-க்கு 200 அகலத் திரையும் நல்ல விசைப்பலகையும் சேர்ந்து, கணக்கு எழுத, நீளமாகத் தட்டச்சு செய்ய ட்ரியோவைவிட ரொம்ப வசதி. பாக்கெட்டில் கனக்கும். அதன் உயிர்நிலை கீலில் இருக்கிறது. மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் மெல்லிய ரிப்பன் கேபிள் வளைகிறது. அது அறுந்தால் வெளித்திரை எரியும், உள்திரை இருட்டு. வாங்கும்போது உள்திரையை ஆன் செய்தபடியே மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் கோடு ஓடினால் கேபிள் நாளை போகும்.

பிளாக்பெர்ரி பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: பழைய 957 மாதிரி மோபிடெக்ஸ் வகை பாம் 7-ன் கதிதான். பிந்தைய ஜி.எஸ்.எம். வகைகளுக்கு முதுகெலும்பாக இருந்த சேவையைக் கம்பெனி 2022 ஜனவரி 4-ல் நிறுத்திவிட்டது.

வைஃபையும் பூட்டும்

2003-ல் வந்த பாம் டங்ஸ்டன் சி-யும் ஐபாக் 4150-ம் சிம் தொல்லை இல்லாதவை. இரண்டும் 400 மெகாஹெர்ட்ஸ், 64 எம்.பி. டங்ஸ்டனில் விசைப்பலகை, ஐபாக்கில் கழற்றும் பேட்டரி. வீட்டு ரவுட்டரில் சேராததற்குக் காரணம் எளிது: டபிள்யூ.பி.ஏ.-2 என்ற பூட்டு 2004-ல்தான் தரமாக வந்தது. அதோடு இவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் பழைய 'பி' வகை மட்டுமே தெரியும். வீட்டு ரவுட்டரின் பூட்டை இதற்காக இறக்காதீர்கள். மூலையில் கிடக்கும் பழைய ரவுட்டர் ஒன்றைத் தனி நெட்வொர்க்காக வைத்து, 'பி' முறையை இயக்கி, வெப் (WEP) என்ற பழைய பூட்டுப் போட்டு, வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். வெப் பூட்டைச் சில நிமிடத்தில் உடைத்துவிடுவார்கள்.

இணைப்பு கிடைத்த பிறகும் பக்கம் திறக்காது. இன்றைய தளங்கள் டி.எல்.எஸ். 1.2 என்ற மறையாக்கப் பூட்டைக் கேட்கின்றன, இந்தக் கருவிகள் அதற்கு முந்தியவை. வீட்டில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் வெப்ஒன் போன்ற பிராக்ஸியை, அதாவது நடுவில் நின்று பேசும் மென்பொருளை, ஓட்டினால் அது வெளியே புதுப் பூட்டும், உள்ளே வெறும் எச்.டி.டி.பி.யுமாகப் பேசும். ஜி.பி.ஆர்.எஸ். வழியாக வரும் ட்ரியோ வீட்டுப் பிராக்ஸியை எட்ட வேண்டுமென்றால் வீட்டு இணைப்புக்குப் பொது ஐ.பி. இருக்க வேண்டும், இல்லையென்றால் வாடகை சர்வரில் வைக்க வேண்டும். அந்த வழியில் கடவுச்சொல் திறந்தபடி போகும். வங்கி, முக்கிய மின்னஞ்சல் எதையும் இதில் திறக்காதீர்கள். ட்ரியோவில் ஏ.பி.என்., அதாவது இணையத்துக்கான நுழைவுப் பெயர், எழுதும்போது ஏர்டெல் என்றால் ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம், பி.எஸ்.என்.எல். என்றால் பிஎஸ்என்எல்நெட், சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல்.

இத்தனை கருவியிலும் மனதை உறுத்துவது தமிழ். பாம் கருவிகளுக்கு யூனிகோடு தெரியாது, தமிழ் எஸ்.எம்.எஸ். வந்தால் கேள்விக்குறி வரிசைதான். ஓசூரிலிருந்து கூப்பிடு தூரத்தில், பெங்களூருவில், 2004-ல் விற்பனைக்கு வந்த அமிடா சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினி இந்திய மொழிகளை மனதில் வைத்தே செய்யப்பட்டது. லினக்ஸ், 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம், ஸ்மார்ட் கார்டு துளை. கையில் கிடைத்தால், சிம் போட வழியில்லை என்றாலும் விடாதீர்கள்.

ஆக, அன்றாடம் பேச 650, எழுத 9500, அலமாரியில் வைத்து அவ்வப்போது எழுப்பிப் பார்க்க பாம் 7. ஏப்ரல், மே வெயிலில் ஓட்டு வீட்டுப் பரணில் எதையும் வைக்காதீர்கள். ட்ரிபிள் ஏ செல்லைக் கழற்றிவிடுங்கள். லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் தனியே எடுத்து, வீட்டில் குளிர்ச்சியான அறையில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து, பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் மறுபடி ஏற்றுங்கள்.