முதலியார்பேட்டை மாடியில் டிராஃப்டிங் வகுப்பு: ஐயாயிரம் கொடுக்கலாமா?

புதுச்சேரியில் சட்டம் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியை ஒருவர் சனிக்கிழமை மதியங்களில் வழக்கறிஞர்களுக்கு டிராஃப்டிங், அதாவது கோர்ட் மனுக்களையும் சட்ட ஆவணங்களையும் எழுதும் வகுப்பு எடுக்கிறார். ஆறு வகுப்பு, ஐயாயிரம் ரூபாய். கடலூர் பாரில் (வழக்கறிஞர் சங்கத்தில்) ஆளாளுக்கு “எப்படி இருக்கு?” என்று கேட்பதால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று மேடமே சொல்லிவிட்டார். போர்டும் கிடையாது. முதலியார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. கடைக்காரரிடம் கேட்டால் படிக்கட்டைக் காட்டுவார்.

“எழுத்தும் தொழில்நுட்பமும்” என்று இரண்டையும் சொல்லித்தான் சேர்த்துக்கொள்கிறார். எழுத்துக்காகப் போங்கள். தொழில்நுட்பத்தில் பாதி சுமார்தான், ஆனால் மீதிப் பாதியை விட்டுவிட முடியாது.

முதல் வகுப்புக்கு நம் ஆபீசில் ஓடுகிற ஒரு பிராதை (வழக்குத் தொடுக்கும் மனுவை), பெயர்களை அடித்துவிட்டு எடுத்துப்போக வேண்டும். நான் கொண்டுபோனது நிரந்தர உறுத்துக்கட்டளை (நிலத்தில் நுழையக் கூடாது என்ற கோர்ட் தடை) கேட்கும் தாவா, அதாவது வழக்கு. எங்கள் சீனியருடைய சீனியர் காலத்து ஃபார்மட் அது. “கனம் கோர்ட்டார் அவர்கள் சமூகத்திற்கு” என்று தொடங்கி, தாத்தா வாங்கிய கிரயம், பாகப்பிரிவினை, பட்டா மாற்றம், வேலி என்று எல்லாவற்றையும் “என்றும்”, “என்றும்” போட்டுக் கோத்த ஒரே வாக்கியம் ஒரு பக்கத்தைத் தாண்டும். மேடம் பேனாவைத் தொடவே இல்லை. “எதிர்த்தரப்பு யாரு, என்னைக்கு, எந்தப் பக்கமா உள்ள வந்தாங்க? இதுல காட்டும்மா” என்றார். தேடினேன். “பிரதிவாதிகள் அத்துமீறிப் பிரவேசிக்க எத்தனித்து வருகிறார்கள்” என்ற ஒரு வரிதான் இருந்தது. தேதி இல்லை, திசை இல்லை. ஆனால் வரி ரசீதுகளின் பட்டியல் முக்கால் பக்கம்.

அப்புறம்தான் சிவில் நடைமுறைச் சட்டம் வந்தது. ஆர்டர் 6 ரூல் 2: முக்கியமான சங்கதிகளைச் சொல், அவற்றை நிரூபிக்கும் சாட்சியத்தைச் சொல்லாதே. ரூல் 4: மோசடி, தகாத செல்வாக்கு என்று சொன்னால் தேதியோடு விவரம் கொடு. இதெல்லாம் கல்லூரியில் பரீட்சைக்குப் படித்ததுதான். ஆனால் நம் கோர்ட்டில் தினமும் புழங்குகிற ஒரு பிராதை எடுத்துவைத்து, ஒவ்வொரு பாராவுக்கும் “இது சங்கதியா, சாட்சியமா?” என்று கேட்டு ஓரத்தில் எழுத வைக்கும்போது மூன்று பக்கம் ஒன்றேகால் பக்கமாகிவிடுகிறது. அந்த மதியத்துக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது என்பேன்.

எனக்கு மிகவும் பிடித்தது சொத்து விவரம் எழுதும் வகுப்பு. கடலூரிலிருந்து பெண்ணையாற்றைத் தாண்டினால் பாகூர்ப் பக்கம் எந்தக் கிராமம் தமிழ்நாடு, எது புதுச்சேரி என்று பஸ்ஸில் போகிறவருக்குச் சொல்ல முடியாது. நம் பக்கத்துப் பத்திரம் சர்வே நம்பர், சென்ட் என்று பேசும். அவர்கள் பக்கத்துப் பத்திரம் கடாஸ்தர் நம்பர் (அவர்கள் நில அளவை எண்), குழி, ஆர், சென்டியார் என்று பேசும். மேடம் கொடுத்த கற்பனைச் சொத்து பாதி இங்கே, பாதி அங்கே. எந்தக் கோர்ட்டில் போடுவது என்று முதலில் சண்டை போட விட்டார். (சிவில் நடைமுறைச் சட்டப் பிரிவு 17-ன்படி சொத்தின் ஒரு பகுதி எந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் இருந்தாலும் அங்கே போடலாம். இரண்டு பக்கமும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ்தான்.) பிறகு, தாவா சொத்தின் விவரத்தை அமீனா (கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியர்) கையில் கொடுத்தால் அவர் நேராகப் போய் நிற்கிற மாதிரி எழுதச் சொன்னார். ஒரு ஆர் என்றால் நூறு சதுர மீட்டர், ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். கால்குலேட்டரைத் தட்டித் தட்டிக் கணக்குப் போட்டோம். நாலெல்லையில் “தெற்கே ராமசாமி நிலம்” என்று எழுதினால், “ராமசாமி செத்துப்போய் பத்து வருஷம் ஆச்சு, வித்துட்டாங்க, இப்ப?” என்பார்.

இந்த மாதிரி ஒருவர் எப்படி உருவானார் என்பதை அவர் துண்டு துண்டாகச் சொன்னதிலிருந்து சேர்த்துக்கொண்டேன். கொஞ்ச காலம் பிராக்டீஸ், பிறகு விரிவுரையாளர் வேலை. புதிதாக வந்தவர் என்பதால் யாருக்கும் வேண்டாத டிராஃப்டிங் பேப்பரை அவர் தலையில் கட்டினார்கள். அரசியலமைப்புச் சட்டம் எடுப்பவருக்கு மேடை, டிராஃப்டிங் எடுப்பவருக்குத் திருத்த வேண்டிய ரெக்கார்டு நோட்டுக் கட்டு. பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளில் அது கட்டாயப் பாடம்தான். ஆனால் நம்மில் எத்தனை பேர் ரெக்கார்டு நோட்டை முந்தைய பேட்ச்சைப் பார்த்து எழுதாமல் இருந்தோம்? மேடம் அந்தப் பேப்பரைக் கடைசி வரை விடவில்லை. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சட்ட எழுத்து முதல் வருஷத்திலேயே கட்டாயம், அதற்கென்றே பேராசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கேயும் பல கல்லூரிகளில் சம்பளத்திலும் பணி நிரந்தரத்திலும் மற்ற பேராசிரியர்களுக்கு ஒரு படி கீழேதான் அவர்களை வைத்திருந்தார்கள். இதைச் சொல்லும்போது மேடத்தின் முகத்தில் லேசாக ஒரு திருப்தி தெரிந்ததாக எனக்குப் பட்டது.

கம்ப்யூட்டருக்கு அவர் வந்தது டைப்ரைட்டிங் ஹையர் தேர்வு வழியாக. தமிழ்99 விசைப்பலகையில் அவர் அடிக்கிற வேகத்தைப் பார்க்கவே போகலாம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பிராதை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருவது ஏன், யூனிகோடுக்கு மாற்றினால் எந்தெந்த எழுத்துகளை மட்டும் சரிபார்த்தால் போதும் என்று அவர் கொடுத்த ஒற்றைத் தாளை எங்கள் டைப்பிஸ்ட் அக்கா சுவரில் ஒட்டிவிட்டார்.

மின்னணு ஆவணம் பற்றிய வகுப்பும் அப்படித்தான். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு போய், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63 வந்தது எல்லோருக்கும் தெரியும். மின்னணு ஆவணத்தோடு போட வேண்டிய சான்றிதழ் இப்போது இரண்டு பகுதி: ஏ பகுதி கட்சிக்காரர் தரப்பில், பி பகுதி நிபுணர். இரண்டிலும் ஹாஷ் மதிப்பு (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எழுத வேண்டும். ஹாஷ் என்றால் என்ன என்று விரிவுரை எதுவும் இல்லை. ஒரு ஃபைலுக்கு எண்ணை எடுக்கச் சொன்னார். பிறகு அதே ஃபைலில் ஒரே ஒரு முற்றுப்புள்ளியை நீக்கிவிட்டு மறுபடியும் எடுக்கச் சொன்னார். மொத்த எண்ணும் வேறு. வாட்ஸ்அப் பிரிண்ட் அவுட்டில் கையெழுத்து வாங்கிப் போட்டால் போதும் என்று வாதாடிக்கொண்டிருந்த பண்ருட்டி நண்பர் அதோடு அமைதியாகிவிட்டார்.

ஏஐ வகுப்பில் பத்து மேற்கோள் தீர்ப்புகள் கொண்ட ஒரு தாள். சில நிஜம், சில ஏஐ கட்டிவிட்டது. கட்சிக்காரர் பெயர், வருஷம், பக்க எண் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். உச்ச நீதிமன்றத்தின் இலவச இ-எஸ்சிஆர் தீர்ப்புத் தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும். நியூயார்க்கில் 2023-ல் மாட்டா எதிர் ஏவியான்கா வழக்கில் இப்படிப்பட்ட போலித் தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்த கதையையும் சொன்னார். ஏஐயைத் தொடாதே என்று அவர் சொல்லவில்லை. தேதி வரிசைப் பட்டியல் போட அவரே பயன்படுத்துகிறார். தீர்ப்பைத் திறந்து படிக்காமல் மேற்கோள் எழுதக்கூடாது, அவ்வளவுதான்.

இனி குறைகள். இ-ஃபைலிங் (ஆன்லைனில் வழக்குத் தாக்கல் செய்யும்) வகுப்பு வீண். ஸ்லைடில் பழைய திரைப் படங்கள், நெட் நின்று நின்று வந்தது, பத்துப் பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி நின்றோம். அதைவிட எங்கள் குமாஸ்தா நன்றாகச் சொல்லித் தருவார். குரல் தட்டச்சு மேல் மேடத்துக்கு இருக்கும் கோபமும் எனக்குப் புரியவில்லை. வாயால் சொன்னால் வளவளவென்று வரும் என்கிறார். நடக்கும்போது ஃபோனில் சொல்லி வைத்து, பிறகு வெட்டி எழுதுகிற எனக்கு அது உதவுகிறது. மாடியில் ஃபேன் ஒன்றுதான். மே மாதத்தில் போகாதீர்கள்.

பேங்க் லீகல் ஒப்பீனியன் (பேங்குக்குக் கொடுக்கும் சட்டக் கருத்துரை) எழுதிப் பிழைக்கும் ஜூனியர்கள் நான்காவது வகுப்பைத் தவற விடக்கூடாது. முடிவை முதல் பாராவில் வைத்துவிட்டு, பிறகு கேள்வி, சட்டம், பொருத்தம் என்று போகச் சொல்கிறார். அதற்குப் பாடமாகக் கொடுத்தது 2022-ன் ஸ்டேட் பேங்க் எதிர் அஜய் குமார் சூட் தீர்ப்பு. உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு புரியவே இல்லை என்று உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பி அனுப்பிய வழக்கு. தீர்ப்பை எப்படி எழுத வேண்டும் என்று நீதிபதி சந்திரசூட் அதில் விரிவாகவே எழுதியிருக்கிறார். பேங்க் மேனேஜருக்கு முதல் பக்கத்தைத் தாண்டிப் படிக்க நேரம் இல்லை என்பதை மேடம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, ஆனால் அதற்கேற்ப எழுதப் பழகியது அங்கேதான்.

கிரிமினல் பக்கம் மட்டும் பார்ப்பவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஜாமீன் மனு பற்றி அரைமணி நேரம்தான் வருகிறது. சிவில் பார்க்கும் ஜூனியர்கள் யோசிக்காமல் சேரலாம். பத்துப் பேருக்கு மேல் எடுப்பதில்லை, அதனால் முன்பே சொல்லி வையுங்கள். கடலூரிலிருந்து போகிறவர்கள் முதலியார்பேட்டையிலேயே இறங்கிக்கொள்ளலாம், பஸ் ஸ்டாண்ட் வரை போக வேண்டியதில்லை. லேப்டாப்பை வீட்டிலேயே முழுசாக சார்ஜ் போட்டு எடுத்துப் போங்கள். அந்த மாடியில் பிளக் பாயிண்ட் இரண்டே இரண்டு, அதில் ஒன்று மேடத்தின் கெட்டிலுக்கு.